90 சதவீதம் லோன் என்றார்கள்: அட்வான்ஸ் கொடுத்த பிறகு கைவிட்ட ஒரு ஃபிளாட்டின் கதை

இது 2025-ல் சென்னைப் புறநகர் ஒன்றில் நடந்தது. வாங்க வந்தவர்கள், விற்க வந்தவர், புரோக்கர், லோன் ஏஜென்ட், கடன் நிறுவனம் யாருடைய பெயரும் இங்கே இல்லை. அடையாளம் தெரிந்துவிடும் என்பதால் பகுதியின் பெயரையும் விட்டிருக்கிறேன். தொகைகளும் நடந்த வரிசையும் தம்பதி காட்டிய காகிதங்களிலிருந்து எடுத்தவை. நான் வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இவர்கள் என்னிடம் வந்தபோது அக்ரிமென்ட் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பின்னணி

கணவர் தொழிற்பேட்டை ஒன்றில் உற்பத்தி மேற்பார்வையாளர், கைக்கு வரும் சம்பளம் 78,000. மனைவி ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார், 27,000. இரண்டு பிள்ளைகள், வாடகை 17,000. பத்து வருஷமாகச் சேர்த்ததும், சீட்டு எடுத்ததும், ஊரில் ஒரு சின்ன மனையை விற்றதும் சேர்ந்து கையில் 14 லட்சம் இருந்தது. கொஞ்சம் நகை உண்டு. அதைத் தொடக்கூடாது என்பது மனைவியின் முடிவு.

பார்த்த வீடு 14 வருஷப் பழைய ரீசேல் ஃபிளாட், இரண்டு பெட்ரூம், விலை 72 லட்சம். விற்பவர் ஓய்வு பெற்ற அரசு ஊழியர். மகளோடு இருக்கலாம் என்று கோயம்புத்தூருக்குப் போக முடிவு செய்து அங்கே ஒரு வீட்டுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார். பத்திரத்தில் முழு விலையையும் காட்டச் சம்மதித்தார். கறுப்பு வெள்ளை பேச்சே வரவில்லை. இன்றைய நிலவரத்தில் அப்படி ஒரு விற்பவர் கிடைப்பது அபூர்வம், அதனாலேயே தம்பதிக்கு அவர்மேல் நம்பிக்கை கூடியது.

லோன் ஏஜென்டை அழைத்து வந்தவர் புரோக்கர்தான். "தம்பி, பேங்குக்கு அலைய வேண்டாம், எல்லாம் இவரே முடிச்சுக் கொடுத்துடுவார்" என்றாராம். ஏஜென்ட் ஒரு வீட்டு வசதி நிதி நிறுவனத்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். இரண்டு நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. "64.80 லட்சம் வரை தகுதி" என்று அதில் இருந்தது. கூடவே ஒரு குரல் செய்தி: "சார், உங்களுக்கு 90 பர்சென்ட் லோன் கன்ஃபர்ம். ரேட் 8.40. ரிஜிஸ்ட்ரேஷன் செலவையும் லோன்லயே சேர்த்துக்கலாம், பேசிக்கலாம்."

மனைவி நோட்டில் கணக்குப் போட்டார். 72 லட்சத்தில் 64.80 போனால் கையிலிருந்து 7.20. ரீசேல் ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. அது 6.48 லட்சம். இரண்டும் சேர்ந்து 13.68. கையில் 14. 20 வருஷத்துக்கு மாதத் தவணை 55,800 சொச்சம். சம்பளத்தில் பாதிக்கும் கொஞ்சம் மேல், இழுத்துப் பிடித்தால் கட்டலாம். சேமிப்பை அளந்து வைத்ததுபோல் கணக்கு பொருந்தியது. என் அனுபவத்தில் இப்படி அச்சாகப் பொருந்தும் கணக்கைப் பார்த்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஏனென்றால் கையில் எவ்வளவு இருக்கிறது என்று ஏஜென்ட் முதல் நாளே கேட்டிருந்தார்.

தை பிறந்ததும் அக்ரிமென்ட். டோக்கன் 1 லட்சம் வங்கிக் கணக்கு வழியாக, மீதி 4 லட்சம் காசோலையாக. 90 நாளுக்குள் கிரயம், வாங்குபவர் தவறினால் அட்வான்ஸ் திரும்ப வராது, விற்பவர் தவறினால் இரண்டு மடங்காகத் தர வேண்டும். டாக்குமென்ட் ரைட்டரின் கம்ப்யூட்டரில் எப்போதும் தயாராக இருக்கும் வாசகங்கள். கடன் கிடைக்காவிட்டால் என்ன என்று ஒரு வரிகூட இல்லை. பதிவும் செய்யவில்லை. அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தங்களைப் பதிவு செய்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்தே சட்டம் இருக்கிறது, ஆனாலும் பாதிப் பேர் செய்வதில்லை. புரோக்கருக்கு 1 சதவீதக் கமிஷனில் பாதி, 36,000, அன்றே கைமாறியது.

ஒரு மாதம் கழித்துத் தெரிந்தவை

பிப்ரவரி 7 அன்று ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை 6.50-லிருந்து 6.25 ஆகக் குறைத்தது. "பாருங்க, ரேட் இன்னும் இறங்குது" என்றார் ஏஜென்ட். அந்த மாதக் கடைசியில் இறுதி சாங்ஷன் லெட்டரும், அதோடு முக்கிய விவர அறிக்கையும் வந்தன.

இந்த அறிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். 2024 அக்டோபர் 1-லிருந்து எல்லாச் சில்லறைக் கடனுக்கும் கடன் கொடுப்பவர் இதைத் தந்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வட்டி, கட்டணங்கள், எல்லாம் சேர்ந்த ஆண்டுச் செலவு விகிதம், மாதத் தவணை அட்டவணை என அத்தனையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். யோசித்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் தர வேண்டும். இதில் சொல்லாத கட்டணத்தை வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வாங்கக் கூடாது. இந்தத் தம்பதிக்கு வந்தது ஆங்கிலத்தில். "கடைசிப் பக்கத்துல சைன் மட்டும் போதும், இன்னைக்கே அனுப்பிடுங்க மேடம்" என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

மனைவி கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்து வந்தார். பள்ளியில் வவுச்சர் சரிபார்ப்பது அவர் வேலை. அடியில் இருக்கும் மொத்தத்தைப் பார்த்துவிட்டு மேலே ஏறிப் போவது அவருக்குப் பழக்கம். அறிக்கையின் இணைப்பில் 'கைக்கு வரும் நிகரத் தொகை' என்று ஒரு வரிசை உண்டு. அதில் 50,58,848 என்று இருந்தது. 64.80 எங்கே, 50.58 எங்கே?

அங்கிருந்து மேலே போகப் போக ஒவ்வொன்றாக வெளிவந்தது. சாங்ஷன் ஆனதே 52.80 லட்சம்தான். நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வீட்டுக்கு 66 லட்சம்தான் போட்டிருந்தார். அதில் 80 சதவீதம். விற்பவர் சொன்ன சதுர அடியில், பின்னால் சுவர் எழுப்பி அறையாக மாற்றிய பால்கனியும் சேர்ந்திருந்தது. அங்கீகரித்த வரைபடத்தில் அது திறந்த பால்கனி, மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. வட்டி 8.40 இல்லை, 9.65. பழைய கடன்களைக் கட்டிய விதத்துக்கான மதிப்பெண்ணான சிபில் ஸ்கோர் 731 என்பதால் அந்த வட்டி ஸ்லாப். 8.40 என்பது "முதல்" என்ற சொல்லோடு விளம்பரத்தில் வரும் விகிதம். 1.90 லட்சத்துக்கு ஒற்றைப் பிரீமிய ஆயுள் காப்பீடு ஒன்றைக் கடன் தொகையிலிருந்தே கழித்திருந்தார்கள். கேட்டவர் யாரும் இல்லை. புராசசிங் ஃபீஸும் ஜிஎஸ்டியும் 31,152. எல்லாம் சேர்ந்த ஆண்டுச் செலவு 10.27 சதவீதம்.

வட்டி எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பது இன்னொன்று. வங்கிகளின் மிதக்கும் வட்டி வீட்டுக்கடன் 2019 அக்டோபரிலிருந்து ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைந்தாக வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மாற வேண்டும். வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இவர்களுடைய கடன் அந்த நிறுவனத்தின் சொந்த அடிப்படை விகிதத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. ஆகவே பிப்ரவரியில் ரெப்போ இறங்கியதற்கும் இவர்களுக்கும் நேரடித் தொடர்பே இல்லை.

90 சதவீதம் எங்கிருந்து வந்தது

இதைத்தான் தம்பதி திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அது முழுப் பொய் அல்ல. கடன் தொகை 30 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 30-க்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75. வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் இதே வரம்புதான். 64.80 லட்சம் கேட்பவருக்கு 90 என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்திரச் செலவை லோனில் சேர்க்கலாம் என்றதும் அப்படித்தான். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் வீட்டின் விலையோடு சேர்த்துக் கடன் கணக்கிட விதி இடம் தருவதில்லை.

அப்படியானால் முதலில் வந்த பிடிஎஃப்? அது வருமானத் தகுதி. 1,05,000 சம்பளத்தில் 55 சதவீதம் தவணைக்குப் போகலாம் என்று வைத்துக்கொண்டால், 8.40 வட்டியில் 67 லட்சம் வரைகூட வரும். சொத்தின் மதிப்பில் எவ்வளவு தரலாம் என்பது வேறு கணக்கு. இரண்டில் எது குறைவோ அதுதான் கடன். பிடிஎஃப்பின் அடியில் "சட்ட, தொழில்நுட்ப ஆய்வுக்கு உட்பட்டது" என்று பொடி எழுத்தில் இருந்தது. ஏஜென்ட் அந்த 64.80-ஐ 72-க்கு 90 சதவீதம் என்று பொருத்திக் காட்டியிருக்கிறார். எண் சரி, அதற்குச் சொன்ன பொருள்தான் தவறு.

கணவர் நேரில் போய்க் கேட்டபோது ஏஜென்ட் கலங்கவே இல்லை. இரண்டு வழி சொன்னார். ஒன்று, வேறு மதிப்பீட்டாளரை வைத்து 76 லட்சம் போட்டுத் தரச் சொல்வது. இன்னொன்று, வீட்டுக்கடன் சிபிலில் ஏறுவதற்கு முன்பே 14 லட்சம் பர்சனல் லோன் எடுத்துவிடுவது. "எல்லாரும் இப்படித்தான் சார் பண்றாங்க" என்றார். பின்னது உண்மையிலேயே பரவலாக நடக்கிறது. அதனால் அது நல்ல யோசனை ஆகிவிடாது.

முடிவு எடுத்த விதம்

என்னிடம் வந்தபோது அவர்கள் முன்னால் நான்கு பாதைகள் இருந்தன. எதையும் நான் தள்ளவில்லை. ஒவ்வொன்றுக்கும் எண்ணைப் போட்டுப் பார்த்தோம்.

பர்சனல் லோனோடு வாங்கினால்: வீட்டுக்கடன் தவணை 49,735. 14 லட்சத்துக்கு 14 சதவீதத்தில் ஐந்து வருஷத் தவணை 32,500 சொச்சம். இரண்டும் சேர்ந்து 82,000-க்கு மேல். வருமானத்தில் 78 சதவீதம். வாடகை மிச்சமாகும், உண்மைதான். ஆனாலும் மீதி 23,000-ல் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், அடுக்ககப் பராமரிப்புத் தொகை, மளிகை. ஒருவர் வேலை போனாலோ, ஒரு மாதம் சம்பளம் தள்ளினாலோ முடிந்தது. இதை மனைவி முதல் பார்வையிலேயே வேண்டாம் என்றார்.

வேறு வங்கிக்குப் போனால்: பொதுத்துறை வங்கி ஒன்றில் விசாரித்தோம். வட்டி குறைவு, காப்பீடு கட்டாயம் இல்லை. ஆனால் மதிப்பு 66 என்றால் அங்கேயும் 52.80-க்கு மேல் வராது. பத்திரச் செலவோடு சேர்த்துக் கையிலிருந்து 25.68 லட்சம் வேண்டும். 14 போக 11.68 லட்சம் துண்டு விழும். கடன் நிறுவனத்தை மாற்றினால் வட்டி மாறும், ஓட்டை அடைபடாது. இங்கேதான் இருவருக்கும் விஷயம் பிடிபட்டது என்று நினைக்கிறேன். அதுவரை ஏஜென்ட் ஏமாற்றிவிட்டார் என்ற கோபம் மட்டுமே இருந்தது. இந்த விலையில் இந்த வீடு முதலிலிருந்தே அவர்கள் கைக்கு எட்டாத ஒன்று என்பது அன்றுதான் தெரிந்தது.

விலையைக் குறைத்தால்: 66-க்குக் கொடுத்தால் 5 லட்சம்தான் துண்டு விழும், நகையை வைத்துச் சமாளிக்கலாம் என்று மனைவியே இறங்கி வந்தார். விற்பவரிடம் மதிப்பீட்டு அறிக்கையைக் காட்டிக் கேட்டார்கள். பால்கனி விஷயம் அவருக்கும் சங்கடம்தான். ஆனாலும் 70-க்குக் கீழே வர முடியாது என்றார். 70 என்றாலும் 9.50 லட்சம் துண்டு விழுகிறது.

கடைசி வழி, விலகுவது. இதற்கு முன்னால் அக்ரிமென்டைச் சட்டக் கண்ணோடு பார்க்க வேண்டியிருந்தது. கணவர் ஒரு வாதத்தை விடாப்பிடியாக வைத்தார்: பொய்த் தகவலை நம்பித்தானே கையெழுத்துப் போட்டோம், ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லிவிடலாமே? வழக்கறிஞர் அதை ஏற்கவில்லை. தவறான தகவலைச் சொன்னது கடன் ஏஜென்ட். ஒப்பந்தம் விற்பவரோடு. லோன் கிடைக்கும் என்று விற்பவர் வாக்குக் கொடுக்கவும் இல்லை, ஏஜென்டை அனுப்பவும் இல்லை. ஏஜென்டின் பொய்க்கு விற்பவரைப் பொறுப்பாக்க முடியாது. பதிவு செய்யாத ஒப்பந்தம் என்பதும் தப்பிக்கும் வழி அல்ல. இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்றிலேயே 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் உதவாது. அது கட்டுமான நிறுவனத்திடம் வாங்குபவர்களுக்கு, தனியார் ஒருவர் இன்னொருவருக்கு விற்கும் பழைய ஃபிளாட்டுக்கு அல்ல.

சாதகமாக இருந்தவை இரண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டுக்குத்தான் இடம் தருகிறது. விற்பவருக்கு இழப்பே இல்லாதபோது முன்பணம் முழுவதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று வாதாட இடம் உண்டு. இரண்டாவது, ஐந்து லட்சமும் வங்கி வழியாகப் போயிருந்தது. சொத்து பேரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். இருந்தாலும் ரொக்கமாகக் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வழக்குக்குப் போனால் எத்தனை வருஷம் ஆகும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மார்ச் முதல் வாரத்திலேயே, 90 நாள் கெடு முடிய இன்னும் ஏழு வாரம் இருக்கும்போதே, விற்பவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவானது. கெடுவின் கடைசி நாள் வரை இழுத்திருந்தால் அவருடைய இழப்பு கூடியிருக்கும், பேசவும் வாய் இருந்திருக்காது.

பேச்சுவார்த்தையும் விளைவும்

முதல் நாள் பேச்சு நன்றாகப் போகவில்லை. விற்பவர் குரல் உயர்த்தவில்லை, ஆனால் கோயம்புத்தூரில் தாம் கொடுத்த முன்பணத்தைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசினார். "நீங்க ஏமாந்ததுக்கு நான் என்ன தம்பி பண்ணுவேன்? என் பணமும் அங்க மாட்டிக்கிச்சே." அதற்குப் பதில் இல்லை. கணவர் எழுந்து வந்துவிட்டார்.

இரண்டாம் முறை மனைவி போனார், கூடவே விற்பவரின் மகளும் போனில் இருந்தார். முக்கிய விவர அறிக்கை, மதிப்பீட்டு அறிக்கை, தங்கள் சம்பளக் கணக்கு மூன்றையும் மேஜையில் வைத்தார். "ஐயா, பொய் சொல்லி லோன் வாங்கி உங்களுக்குக் கொடுத்துட்டு அப்புறம் நாங்க தெருவுல நிக்கணும். அதுதான் இதுக்கு வழி." வேறு ஆள் கிடைக்கும் வரை வீட்டைப் பார்க்க வருபவர்களைத் தாமே அழைத்து வந்து காட்டுவதாகவும் சொன்னார். மகள்தான் தந்தையைச் சம்மதிக்க வைத்தார் என்று பிறகு தெரிந்தது.

முடிவு இப்படி: 5 லட்சத்தில் 1 லட்சம் விற்பவர் வைத்துக்கொள்வது. 1.50 லட்சம் உடனே திருப்பித் தருவது. 2.50 லட்சம் அடுத்த வாங்குபவர் முன்பணம் கொடுத்ததும், அல்லது ஜூன் கடைசிக்குள், எது முந்தியோ அப்போது. ரத்து ஒப்பந்தம் எழுதி, இரு தரப்புக்கும் இனிப் பாத்தியதை எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டு, அசல் அக்ரிமென்டை வாங்கிக்கொண்டார்கள். மே மாதம் வேறொருவர் அந்த ஃபிளாட்டை 70 லட்சத்துக்கு எடுத்தார். ஜூன் முதல் வாரம் மீதிப் பணம் வந்தது. விலையில் விற்பவருக்கு 2 லட்சம் குறைந்திருக்கிறது. கையில் நிறுத்திய 1 லட்சம் அதில் பாதிதான். இந்தக் கதையில் அவரைக் கொடுமைக்காரராகப் பார்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

கடன் நிறுவனத்துக்கு எழுத்தில் ரத்துக் கடிதம் போனது. பணம் கைமாறாததால் காப்பீடு தானாகவே விழுந்தது, புராசசிங் ஃபீஸும் பிடிக்கவில்லை. விண்ணப்பத்தைப் பதிவதற்கென்று முதலிலேயே வாங்கிய லாகின் ஃபீஸ் 5,900-ஐத் தர மறுத்தார்கள். குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதியதற்கு, "முகவரின் வாய்மொழி உறுதிக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்று இரண்டு வரிப் பதில். இது நிற்காத வாதம். வேலையை வெளியாளிடம் கொடுத்தாலும் அவர் செய்வதற்குக் கடன் நிறுவனமே பொறுப்பு என்று ரிசர்வ் வங்கியின் விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. வங்கியாக இருந்தால் புகார் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனுக்குப் போகும். வீட்டு வசதி நிதி நிறுவனம் என்பதால் தேசிய வீட்டு வசதி வங்கியின் புகார்த் தளத்தில் பதிந்தோம். குரல் செய்தியையும் பிடிஎஃப்பையும் அதில் இணைத்தோம். சில வாரத்தில் நிறுவனம் லாகின் ஃபீஸைத் திருப்பியது, முகவர்மீது "உரிய நடவடிக்கை" என்றது. விற்பவரிடம் இழந்த 1 லட்சத்தைக் கேட்டதற்கு முடியாது என்றது.

இன்னொன்றும் வெளிவந்தது. சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாக வாங்கலாம். கணவர் எடுத்துப் பார்த்தபோது, ஒரே வாரத்தில் நான்கு இடங்களிலிருந்து விசாரணை பதிவாகியிருந்தது. எங்கே நல்ல கமிஷன் வருகிறது என்று பார்க்க ஏஜென்ட் ஃபைலை நான்கு நிறுவனங்களில் லாகின் செய்திருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஸ்கோர் 731-லிருந்து 712-க்கு வந்திருந்தது.

புரோக்கர் 36,000-ஐத் திருப்பவில்லை. "வேற வீடு முடிச்சுத் தரேன், அதுல கழிச்சுக்கலாம்" என்றார். வழக்கறிஞரின் பத்திர ஆய்வுக் கட்டணம் 8,000. ஆக மொத்த இழப்பு 1.44 லட்சம்.

எதை மாற்றிச் செய்திருக்கலாம்

முதலாவது, எதை முன்னால் செய்தார்கள் என்ற வரிசை. தம்பதி விற்பவரோடு இறுகக் கட்டிக்கொண்டார்கள். கடன் நிறுவனம் அவர்களோடு எந்த வகையிலும் கட்டுப்படவில்லை. பிடிஎஃப்புக்கும் சாங்ஷனுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு மாதத்தின் ஆபத்து முழுவதும் வாங்குபவர் தலையில். 50,000 டோக்கன் மட்டும் கொடுத்து, பத்திர நகல்களை வாங்கி, கடன் நிறுவனத்தின் லீகல், டெக்னிக்கல் ஆய்வுகள் முடிந்த பிறகு அக்ரிமென்ட் போட்டிருந்தால் 66 லட்சம் என்ற எண் ஜனவரியிலேயே தெரிந்திருக்கும். விற்பவர்கள் இதற்கு அவசரப்படுவார்கள்தான். மூன்று வாரம் காத்திருக்க மாட்டேன் என்பவரிடம் அந்த அவசரத்துக்கான காரணத்தைக் கேட்பது நல்லது.

அக்ரிமென்டில் ஒரு நிபந்தனை எழுதுவதும் கடினமில்லை. தம்பதியின் அடுத்த முயற்சிக்கு வழக்கறிஞர் எழுதித் தந்தது இது: "வாங்குபவர் உரிய ஆவணங்களுடன் விண்ணப்பித்தும், இத்தனை ரூபாய்க்குக் குறையாத வீட்டுக்கடன் 45 நாட்களுக்குள் கிடைக்காவிட்டால், அல்லது சொத்தின் ஆவணங்களிலோ கட்டடத்திலோ உள்ள குறையால் கடன் மறுக்கப்பட்டாலோ குறைக்கப்பட்டாலோ, முன்பணம் முழுவதையும் விற்பவர் 30 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும்." தொகையை எண்ணில் எழுதுவதுதான் இதில் உயிர்நாடி. "கடன் கிடைக்காவிட்டால்" என்று மட்டும் எழுதினால், 52.80 கிடைத்ததே என்பார்கள்.

ஏஜென்ட் யாருடைய ஆள் என்ற கேள்வியை அவர்கள் கேட்கவே இல்லை. புரோக்கருக்கு வீடு முடிந்தால் கமிஷன், ஏஜென்டுக்குக் கடன் போனால் கமிஷன். இருவரில் யாருக்குமே "இது உங்களுக்குக் கட்டாது" என்று சொல்லக் காரணம் இல்லை. ஒரு வங்கிக் கிளைக்கு நேரில் போய், 72 லட்சம் வீட்டுக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டிருந்தால் கவுன்ட்டரிலேயே 80 சதவீதம் என்று சொல்லியிருப்பார்கள்.

பின்னால் யோசித்தும் மாற்ற வேண்டாம் என்று எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு: விலகுவதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம். அறிக்கை கைக்கு வந்த பத்து நாளுக்குள் விற்பவருக்குச் செய்தி போய்விட்டது. அந்த 4 லட்சம் திரும்பியதற்குச் சட்டத்தைவிட அதுதான் காரணம்.

இப்போதைய நிலை

2025 ஜூனில் ரெப்போ 5.50 வரை இறங்கியது. ஆவணியில் தம்பதி மறுபடி வீடு பார்க்கத் தொடங்கினார்கள். இந்த முறை முதலில் வங்கிக் கிளை, பிறகுதான் வீடு. 55 லட்சத்துக்கு மேல் பார்ப்பதில்லை என்று வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன நிபந்தனையைக் கேட்டு ஒரு விற்பவர் முகம் சுளித்துப் போய்விட்டார். இன்னொருவர் 45 நாளை 30 ஆக்கினால் சரி என்றிருக்கிறார், பேச்சு நடக்கிறது.

1 லட்சத்துக்காகக் கடன் நிறுவனத்தின்மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்பது மட்டும் முடிவாகவில்லை. காலவரம்பு இரண்டு ஆண்டு, 2027 பிப்ரவரி வரை நேரம் இருக்கிறது. குரல் செய்திகளை கணவர் மூன்று இடத்தில் பிரதி எடுத்து வைத்திருக்கிறார், போட்டே ஆக வேண்டும் என்கிறார். லீவு போட்டு யார் அலைவது என்கிறார் மனைவி.